புள்ளி விவரமும் நம் வீட்டு வாசலும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதே வழக்கம். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ புள்ளி விவரம். "ரயில்வே குமாஸ்தா கணக்கைத் தவிர வேறு எதைப் பேசுவார்?" என்று நீங்கள் நகைக்கலாம். எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றிய மரபு நம்முடையது. எழுத்துக்குப் பல மேடைகள் உண்டு; எண்ணுக்கு இந்த ஒரு மாலையையேனும் அளிப்போம்.

தொலைபேசி, தொலைக்காட்சி, கணினி, இணையம் ஆகியவற்றை மக்கள் எவ்வளவு பயன்படுத்துகின்றனர் என்பதை அரசு எங்ஙனம் அறிகிறது? அறிந்ததை எவ்வாறு பிறர்க்கு வழங்குகிறது? அதில் நம் பங்கு யாது? இவையே இன்று நாம் சிந்திக்க வேண்டியவை.

முதியோர்க்கு நினைவிருக்கும். முன்னாளில் வானொலிப் பெட்டி வைத்திருக்க உரிமம் வேண்டும். ஆண்டுதோறும் அஞ்சலகத்தில் கட்டணம் செலுத்தி அதைப் புதுப்பித்தாக வேண்டும். வழங்கிய உரிமங்களை எண்ணினால் நாட்டிலுள்ள வானொலிகளின் தொகை அரசுக்குத் தெரிந்துவிடும், உரிமம் பெறாமல் கேட்டவர்களை நீக்கி! 1980-களின் நடுவில் அம்முறை ஒழிந்தது. ஆனால் அக்கணக்கில் ஒரு குறை இருந்தது. ஒரு வீட்டுப் பெட்டியைச் சுற்றித் தெருவே அமர்ந்து கேட்ட காலம் அது. பெட்டி எண்ணப்பட்டது, செவிகள் எண்ணப்படவில்லை. கருவியை எண்ணுவது வேறு, மனிதரை எண்ணுவது வேறு என்பதை அன்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறோம்.

இன்று அரசு மூன்று வழிகளில் கணக்கெடுக்கிறது. முதலாவது, நிறுவனங்களிடம் கேட்பது. 1997-இல் அமைந்த தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், தொலைபேசி நிறுவனங்களிடமிருந்து இணைப்புகளின் தொகையைப் பெற்று மாதந்தோறும் வெளியிடுகிறது. அதன்படி நகரங்களில் நூறு பேருக்கு நூற்றுக்கு மேற்பட்ட இணைப்புகள் உள்ளன! பிறந்த குழந்தையும் கையில் தொலைபேசியுடன் பிறக்கிறதோ என்று ஐயுற வேண்டா. ஒருவரே இரண்டு சிம் அட்டை வைத்திருந்தால் அவை இரண்டாகவே எண்ணப்படுகின்றன. இங்கும் எண்ணப்படுவது மனிதர் அல்லர், இணைப்பே.

இரண்டாவது, வீடுதோறும் சென்று கேட்பது. அதுவே மக்கள் தொகைக் கணக்கெடுப்பு. 2001-இல் நாட்டின் நூறு வீடுகளில் 35 வீடுகளில் வானொலியும், 32 வீடுகளில் தொலைக்காட்சியும், 9 வீடுகளில் தொலைபேசியும் இருந்தன. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் தொலைபேசி 63 வீடுகளுக்கும், தொலைக்காட்சி 47 வீடுகளுக்கும் உயர்ந்தன. வானொலி 20 வீடுகளாகச் சுருங்கியது. கணினி அல்லது மடிக்கணினி இருந்தவை ஒன்பது, பத்து வீடுகளே. அவற்றுள்ளும் இணைய வசதி பெற்றவை மூன்றே! பத்தே ஆண்டுகளில் ஒரு நாட்டின் வாழ்க்கை எவ்வாறு புரண்டது என்பதைச் சில வரிகளில் காட்டும் ஆற்றல் எண்ணுக்கு உண்டு.

மூன்றாவது, மாதிரி ஆய்வு. பேராசிரியர் மகலனோபிஸின் முயற்சியால் 1950-இல் தேசிய மாதிரி ஆய்வு தொடங்கிற்று. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நாம் அறிந்ததே. ஆனால் பானையை நன்கு கிளறிய பின்னரே பதம் பார்க்க வேண்டும். செல்வர் தெருவும் ஏழையர் தெருவும், நகரமும் நாட்டுப்புறமும் உரிய அளவில் கலக்குமாறு வீடுகளைத் தேர்ந்தெடுக்கும் கலையே அவர் நமக்குத் தந்தது. 2025-ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் நடந்த அத்தகைய ஆய்வொன்று, நூறு வீடுகளில் ஏறத்தாழ 86 வீடுகளில் இணைய வசதி உண்டு எனக் காட்டிற்று.

மூன்று எங்கே, எண்பத்தாறு எங்கே! மகிழ வேண்டிய வளர்ச்சிதான். எனினும், வீட்டுக்குள் வந்த இணையம் வீட்டார் அனைவர் கைக்கும் வந்துவிட்டதா?

இங்கு எங்கள் இல்லத்தில் நிகழ்ந்ததொன்றைக் கூற அனுமதி வேண்டுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன், இதே ரிச்சர்ட்ஸ் டவுனில், கணக்கெடுக்கும் அம்மையார் ஒருவர் எங்கள் வாசலுக்கு வந்தார். கன்னடத்தில் தொடங்கி, எங்கள் பேச்சைக் கேட்டதும் தமிழுக்கு மாறிக்கொண்டார். குடும்பத் தலைவர் என்ற முறையில் நாமே அமர்ந்து விடை கூறினோம். "வீட்டில் எத்தனை தொலைபேசி?" "நான்கு." "எல்லோரும் இணையம் பயன்படுத்துவீர்களா?" "எல்லோரும்தான்" என்றோம், சற்றுப் பெருமிதத்துடனேயே. அவர் குறித்துக்கொண்டு சென்றார்.

அடுக்களை வாயிலில் நின்றிருந்த எம் அன்னையார் மெல்லக் கேட்டார்: "எல்லோரும் என்றாயே அப்பா, என்னையும் சேர்த்தா சொன்னாய்? எனக்குப் பச்சைப் பொத்தானை அமுக்கிப் பேசத்தானே தெரியும்? போன கார்த்திகையில் ஓய்வூதியத்துக்கு உயிர்ச் சான்று கொடுக்க உன் மகன் கையைத்தானே எதிர்பார்த்திருந்தேன்?"

எமக்கு விடை இல்லை. நாளெல்லாம் அலுவலகத்தில் பிழையற்ற கணக்குக் கொடுக்கும் நாம், சொந்த வீட்டு வாசலில் பொய்க் கணக்குக் கொடுத்துவிட்டோம். பயணச்சீட்டுச் சன்னலின் முன் நிற்கும் முதியோரை நாம் அறிவோம். கைப்பேசியிலேயே சீட்டு எடுக்கலாம் என்பதைக் கேள்விப்பட்டும் செய்யத் தெரியாது நிற்பவர்கள் அவர்கள். ஏட்டில் 'இவருக்குத் தெரியும்' என்று எழுதிவிட்டால், அவருக்காகச் சன்னலைத் திறந்து வைக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்? எம் ஒரு சொல்லால் எம் அன்னையார் நின்றிருந்த வரிசை கணக்கிலிருந்து மறைந்தது.

வீட்டார் அனைவர்க்கும் ஒருவரே விடை கூறும் இடத்தில் இத்தவறு எளிதில் நேரும். நேரில் அவரவரையே கேட்டால் வேறு உண்மை வெளிப்படும். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வில் பெண்களைப் பெண்களே தனித்துக் கேட்டனர். வாழ்நாளில் ஒருமுறையேனும் இணையம் பயன்படுத்தியதாகச் சொன்னோர் நூறு பெண்களில் 33 பேர். நூறு ஆண்களில் 57 பேர். கேள்வியின் சொல்லும் முக்கியம். 1865-இல் தந்திக்காகத் தோன்றிய பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம், 'கடந்த மூன்று மாதங்களில் பயன்படுத்தினீரா?' என்று கேட்பதையே நாடுகளுக்கு அளவுகோலாக வைத்துள்ளது. 'என்றேனும்' என்று கேட்பதும் 'மூன்று மாதத்தில்' என்று கேட்பதும் ஒரே விடையைத் தருமா? எண்ணைக் காணும்போது, அது எக்கேள்விக்குப் பிறந்த விடை என்பதையும் காண வேண்டும்.

இவ்வாறு திரட்டியவற்றை அரசு பூட்டி வைப்பதில்லை. கணக்கெடுப்பு அட்டவணைகளை எவரும் காணலாம். மாதிரி ஆய்வின் விடைகள், பெயரும் முகவரியும் நீக்கப்பெற்று ஆராய்ச்சியாளர்க்குக் கிடைக்கின்றன. பன்னாட்டு ஒன்றியத்துக்கும் நாட்டின் எண்கள் செல்கின்றன. எம் அன்னையாரைப் பற்றிய தவறான ஒரு புள்ளியும் இவ்வாறே உலகம் சுற்றியிருக்கும்!

'உண்மையைச் சொன்னால் வரி வருமோ, ரேஷன் அட்டை போகுமோ' என்று அஞ்சுவோர் நம்மிடையே உண்டு. மக்கள் தொகைக் கணக்கெடுப்பைப் பொறுத்தவரை அந்த அச்சம் வேண்டா. 1948-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்புச் சட்டப்படி, தனியொருவர் அளித்த விடையைப் பார்வையிடப் பிறர்க்கு உரிமையில்லை. அதை வழக்கு மன்றத்தில் சான்றாகக் கொள்வதற்கும் இடமில்லை. அச்சட்டம் இன்னொரு நயமும் உடையது. வழக்கத்தால் கணவர் பெயரைச் சொல்லாத பெண்ணை அப்பெயரைச் சொல்லும்படி கட்டாயப்படுத்த முடியாது என்று அது கூறுகிறது. நம் பாட்டிமார்களை அறிந்தவர் எழுதிய சட்டம் போலும்! பெயரை மறைக்க இடம் தந்த சட்டம், பெண்ணையே மறைக்க நமக்கு இடம் தரவில்லை.

2027 மார்ச்சு 1-ஆம் நாளைக் குறியாகக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நிகழும் என 2025 ஜூன் திங்களில் அறிவிக்கப்பட்டது. விடைகளைக் கைப்பேசிச் செயலியில் பதிவதும், விரும்பினால் நாமே இணையத்தில் பதிவு செய்வதும் அதன் புதுமை. அங்கும் விரல் அமுக்குபவர் ஒருவராகவே இருப்பார். ஆதலின் அன்பர்களை ஒன்றே வேண்டுகிறோம். கணக்கெடுப்பவர் எவர் வந்தாலும், வீட்டுப் பெண்களையும் முதியோரையும் அருகே அழைத்து அமர்த்துங்கள். அவரவர் விடையை அவரவரே சொல்லட்டும். 'தெரியாது' என்று ஒருவர் சொல்வது குடும்பத்துக்கு இழுக்கன்று. கற்றுத் தர வேண்டியவர் யார் என்பதை நாட்டுக்கும் நமக்கும் அது காட்டும்.

எம் அன்னையார் இப்போது ஞாயிறுதோறும் பேரனிடம் பாடம் கேட்கிறார். உயிர்ச் சான்றைத் தாமே பதிவு செய்யும் நாள் இன்னும் வரவில்லை. அதுவரை எங்கள் வீட்டுக் கணக்கில் அவருக்கு நேரே 'இல்லை' என்றே சொல்வோம். அடுத்த முறை அதையும் அவரே சொல்வார்.