வாவிக் கரையும் கைப்பிள்ளையும்



பிள்ளைத்தமிழைப் பல ஆண்டுகள் வகுப்பறையிலே படிப்பித்தவள் நான். காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று பத்துப் பருவங்களையும் மாணவர்கள் ஒப்புவிக்கக் கேட்டிருக்கிறேன். அம்புலிப் பருவத்திலே குழந்தையோடு விளையாட வரும்படி புலவர் நிலவை அழைப்பார். சாமம், பேதம், தானம், தண்டம் என்ற நான்கு உபாயங்களையும் பாவம் அந்த நிலவின்மேல் பிரயோகித்துப் பார்ப்பார். இவ்வளவும் தெரிந்திருந்தும், ஒரு குழந்தைக்கு எதைக் காட்டுவது என்று எனக்குத் தெரியாது என்பதை என் பேத்திதான் எனக்கு உணர்த்தினாள். அப்போது அவளுக்கு ஐந்து மாதம்.

மகளின் பிரசவ விடுமுறை முடிந்து அவள் வேலைக்குத் திரும்பியதும் பிள்ளை என் பொறுப்பானது. எங்கள் வீடு மட்டக்களப்பு, கல்லடி உப்போடையில் இருக்கிறது. மேற்கே நடந்தால் வாவி. கிழக்கே நடந்தால் கடல். இரண்டுக்கும் நடுவே ஒரு துண்டு நிலம், அவ்வளவுதான். காலை ஆறேகாலுக்குப் பிள்ளையோடு புறப்பட்டால் வெயில் ஏறுமுன் திரும்பிவிடலாம்.

அயலவர்க்கு இது பிடிக்கவில்லை. "காற்றுப் பட்டால் தடிமன் பிடிக்கும்", "கண்ணூறு படும்" என்று ஆளுக்கொரு ஆலோசனை. கண்ணூறுக்குக் கன்னத்தில் ஒரு கறுப்புப் பொட்டு வைத்தேன். காற்றைவிட எனக்குப் பயம் நுளம்புக்குத்தான். டெங்கு நுளம்பு காலையிலும் பின்னேரத்திலும்தான் அதிகம் கடிக்கும். ஆகையால் முழுக்கைப் பருத்திச் சட்டையும் காலுறையும். வெளிநாட்டிலிருந்து வந்த தள்ளுவண்டியை ஒரே ஒரு நாள் கொண்டுபோனேன். மணலிலே சில்லுப் புதைந்து, பிள்ளையையும் வண்டியையும் நான் சுமக்க வேண்டியதாயிற்று. மறுநாள் முதல் ஒரு பழைய நூற்சேலை, என் தோள், என் இடுப்பு.

பிறந்த புதிதில் குழந்தைக்கு ஒரு சாண் தூரத்துக்கு அப்பால் எல்லாம் மங்கல்தான். ஐந்தாம் மாதமளவில் தூரமும் நிறமும் பிடிபடத் தொடங்கிவிடும். அதை நம்பி, முதல் நாளே வாவியில் மிதந்த கூழைக்கடாவைக் காட்டினேன். எவ்வளவு பெரிய பறவை! அவள் அதைப் பார்க்கவில்லை. கரையில் கட்டியிருந்த தோணியின் கயிறு நீரிலே தொட்டுத் தொட்டு எழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நீர்க்காகத்தைக் காட்டினேன்; என் மூக்குக் கண்ணாடியைப் பார்த்தாள். கருடன் தலைக்கு மேலே வட்டமிட்டபோது என் சேலைக் கரையைச் சப்பினாள். காட்டுவதை விட்டுவிட்டு, அவள் எதைப் பார்க்கிறாளோ அங்கே நிற்பது என்று ஒரு வாரத்தில் முடிவு செய்தேன்.

அதன் பிறகு எங்கள் நடை மிகவும் சுருங்கிவிட்டது. கால் மணி நேரத்தில் நூறு யார் போனால் பெரிய காரியம். ஆனால் இந்தக் கரையிலேயே பிறந்து வளர்ந்த நான் பாராதவற்றைப் பார்த்தேன். கண்டல் வேருக்கடியில் சேற்றிலே சிறு நண்டுகள் உண்டல்லவா? ஆண் நண்டுக்கு ஒரு கை மட்டும் உடம்பளவு பெரியது. அந்தக் கையை அது உயர்த்தி உயர்த்தி இறக்கும். பெண் நண்டை அழைக்கிறதாம். பேத்தியும் தன் கையை உயர்த்தினாள். நிழல் விழுந்தால் அத்தனை நண்டும் ஒரே கணத்தில் வளைக்குள் போய்விடும். அவை மறுபடி வெளியே வரும்வரை நாங்கள் அசையாமல் நின்றோம். கைப்பிள்ளை அசையாமல் நிற்குமா என்று கேட்பீர்கள். நிற்கும், நாம் அவசரப்படாவிட்டால்.

ஒருநாள் மட்டும் நெஞ்சு திடுக்கிட்டது. எட்டிய இலையை எல்லாம் பிடித்து வாயில் வைக்கிற வயது. அவள் கை நீண்ட இடம் தில்லை மரம். தில்லைப் பால் கண்ணிலே பட்டால் பார்வைக்கே ஆபத்து. கையைப் பறித்து இழுத்தேன். பிள்ளை வீரிட்டு அழுதாள். வலை உலர்த்திக்கொண்டிருந்தவர் ஓடிவந்து, "என்ன ரீச்சர், நண்டு கிண்டு கடிச்சிற்றா?" என்றார். காரணம் சொன்னேன். அவர் தம் தோணியில் கிடந்த தண்ணீர்ப் போத்தலை எடுத்துப் பிள்ளையின் விரல் விரலாகக் கழுவிவிட்டார். அன்று முதல் ஒவ்வொரு மரத்தையும் அதன் பெயர் சொல்லியே கடந்தேன். பிள்ளைக்கு விளங்காது, உண்மைதான். எனக்கு ஞாபகம் இருக்க வேண்டுமே!

பழைய கல்லடிப் பாலம் வரை போகும் நாட்களும் உண்டு. 1924இல் திறந்த பாலம் அது. 2013இல் பக்கத்திலே புதுப்பாலம் வந்தது. வழியில் விபுலானந்த அடிகளின் சமாதி. இந்த வாவியின் இசையைக் கேட்டு 'நீரர மகளிர்' பாடியவர் அவர். அந்தப் பாலத்தில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரு குறை தோன்றும். என் மகளை நான் இப்படித் தூக்கிக்கொண்டு நடந்ததில்லை. அவள் 1995இல் பிறந்தவள். அந்நாளில் பாலத்தடியில் சோதனைச் சாவடி. காலையில் வரிசையில் நிற்பதும் பொழுதுபட முன் வீடு சேர்வதுமே எங்கள் உலாவல். கொக்குப் பார்க்கக் கரையில் நின்றால் ஏன் நிற்கிறாய் என்று கேட்பார்கள்.

கிழக்குப் பக்கத்தைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, போயா தினம். காலை ஒன்பது மணியளவில் கடல் வந்தது. அப்போது மகளுக்கு ஒன்பது வயது. அவளுடன் ஒரே வாங்கில் இருந்து படித்த பிள்ளை திரும்பவில்லை. அதற்குப் பிறகு மகள் கடற்கரைக்குப் போனதே இல்லை. பேத்தியை என்னிடம் ஒப்படைத்தபோது அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: "வாவிக்குப் போங்க, கடலுக்கு வேணாம்."

நான் அந்த வாக்கைக் காப்பாற்றவில்லை. பிள்ளைக்கு ஏழாம் மாதத்தில் ஒருநாள், சுனாமியிலே சாய்ந்துபோன திருச்செந்தூர் முருகன் கோயில் கோபுரத்தைக் கடந்து, சவுக்கு மரங்களுக்கு அப்பால் போய்விட்டேன். அடம்பன் கொடி ஊதாப் பூவோடு மணலை மூடிக் கிடந்தது. பேத்தி அலையைப் பார்த்து மூச்சை அடக்கினாள். அடுத்த அலைக்கும் அப்படியே. பத்து நாள் இரகசியமாகப் போனோம். பதினோராம் நாள் காலுறைக்குள் மணல் அகப்பட்டுவிட்டது. வாவிச் சேறு கறுப்பு, இது மஞ்சள்.

"பிள்ளையக் கடலுக்குக் கொண்டு போன நீங்களா?"

"ஓம் மகள்."

அவள் சத்தம் போடவில்லை. மணலைக் கையில் தட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். இரண்டு நாள் என்னோடு பேசவுமில்லை. பிழை என்னுடையதுதான். பயத்தைச் சொல்லித் தேற்றலாம், ஏமாற்றித் தேற்ற முடியுமா? அதன் பின் கடற்பக்கம் போவதை நிறுத்திக்கொண்டேன்.

ஆறேழு வாரம் கழித்து, ஒரு ஞாயிறு பின்னேரம், அவளே பிள்ளையின் தொப்பியை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். "நானும் வாறன். சவுக்கடி மட்டும்" என்றாள்.

சவுக்கு மரத்தடியில் ஒரு கையால் மரத்தைப் பிடித்தபடி அவள் நின்றாள். நானும் பேத்தியும் பத்தடி முன்னே மணலில் இருந்தோம். கடற்காற்று பலமாக வீசியது. இராவணன் மீசையின் முற்றிய பந்து ஒன்று முட்களையே கால்களாக ஊன்றி, உருண்டு துள்ளி எங்களைக் கடந்து கரைநோக்கிப் போயிற்று. வித்துப் பரப்ப அந்தப் புல் கண்டுபிடித்த வழி அது. பேத்தி தலையைத் திருப்பி அதையே பார்த்தாள். பிறகு சிரித்தாள், உடம்பு குலுங்கிச் சிரித்தாள்.

பந்து என் மகளின் காலடியில் போய் நின்றது. அவள் குனிந்து எடுத்தாள்.

"குத்துது அம்மா" என்றாள். ஆனாலும் அதைக் கீழே போடாமல், பிள்ளைக்குக் கொடுப்பதற்காக மணலில் இறங்கி வந்தாள்.