மேலவையும் நம் வார்டும்



தமிழ்நாட்டில் சட்ட மேலவை 1986-இல் ஒழிந்தது. நாம் குடியேறி வாழும் மகாராட்டிரத்திலோ 288 உறுப்பினர் கொண்ட பேரவையோடு 78 பேர் கொண்ட மேலவையும் உண்டு. அம்மேலவையின் 22 இடங்களுக்கு ஆள் தேர்ந்தனுப்புவோர் உள்ளாட்சி மன்ற உறுப்பினரே. அடித்தளம் ஆட்டங்கண்டால் மாடியும் ஆடுமன்றோ? ஆடியது!

ஐரோலி அடங்கிய நவி மும்பை மாநகராட்சி மன்றத்தின் காலம் 2020 மே மாதம் முடிந்தது. முடியுமுன் தேர்தல் வேண்டும் என்பது அரசியலமைப்பு. எனினும் ஐந்தாண்டுக்கு மேலாக, மாநில அரசு அமர்த்திய ஆணையரே மன்றத்தின் அதிகாரத்தையும் ஏற்றிருந்தார். தெருவிளக்குக்கு முறையிட நமக்கொரு வார்டு உறுப்பினர் இருக்கவில்லை. பிற ஊர்களிலும் இந்நிலையே. மேலவையிலும் 2022 முதல் உள்ளாட்சிக்குரிய பல இடங்கள் வெறுமையாயின.

2026 சனவரி 15-இல் வாக்குப்பதிவு நடந்தேறியது. நம்மவருள் சிலர் அன்று சாவடிக்குச் செல்லவில்லை. அவர்தம் பெயர் இன்னும் சொந்த ஊர்ப் பட்டியலிலேயே இருக்கிறது!