சட்டசபை அங்கத்தினரும் கட்சிக் கட்டளையும்

(செஞ்சியில் கூடிய நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் யாதெனில், நாம் தேர்ந்தனுப்பும் சட்டசபை அங்கத்தினர் ஆண்டு அளிக்கும் வாக்கு அவருடையதா, அவர் சார்ந்த கட்சியினுடையதா என்பதாகும். எக்கட்சி நன்று, எக்கட்சி தீது என்று உரைக்க யாம் புகுந்தோமல்லோம். அங்கத்தினருடைய வாக்கின் கணக்கை நாம் எவ்வாறு பார்த்தல் வேண்டும் என்பதொன்றே நமது ஆராய்ச்சி.

நம்மவருள் பலர், “நம் மரபினர் ஒருவர் சட்டசபை புகுந்தாற் போதும், நம் குறையெல்லாம் தீரும்” என்று எண்ணுகின்றனர். வென்றவர்க்கு மாலை சூட்டுகின்றோம். மேளதாளத்தோடு ஊர்வலம் விடுகின்றோம். ஐந்தாண்டு கழிந்து அவர் மீண்டும் வாக்குக் கேட்டு வருங்கால், “ஐயா, இன்ன மசோதாவில் தாங்கள் எப்பக்கம் நின்றீர்கள்?” என்று வினவுவார் நம்முள் எத்துணைப் பேர்?

முதற்கண் பழைய செய்தி ஒன்றைக் கூறுதும். 1952ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தென்னார்க்காடு, வடவார்க்காடு ஜில்லாக்களில் குலச்சங்கங்களின் வலிமையால் எழுந்த கட்சிகள் இரண்டு காங்கிரசை எதிர்த்து நின்றன. திரு. எஸ். எஸ். இராமசாமிப் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 இடங்களையும், திரு. எம். ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி 6 இடங்களையும் பெற்றன. 375 இடங்கள் கொண்ட சென்னைச் சட்டசபையில் காங்கிரசுக்குக் கிடைத்தவை 152 மாத்திரமே. ஆகவே இராஜாஜி பிறர் துணையை நாட வேண்டியவரானார். மாணிக்கவேலு நாயக்கர் அவரது மந்திரிசபையில் அமர்ந்தார். அவ்வாண்டு ஜூலை 3ஆம் நாள் இராஜாஜி 200க்கு 151 என்ற கணக்கில் சபையின் நம்பிக்கையைப் பெற்றார். 1954இல் காமராசர் அமைத்த மந்திரிசபையில் படையாட்சியாரும் இடம் பெற்றார். பின்னர் இரு கட்சிகளும் கலைந்து காங்கிரசிற் கலந்தன. அதனால் நம் பக்கத்து மக்களுக்கு நன்மை விளைந்தது என்பாரும் உளர். வாக்களித்த நோக்கம் வேறு, நேர்ந்தது வேறு என்று குறைகூறுவாரும் உளர். அக்காலத்தே இதனைத் தடுக்கும் சட்டம் யாதும் இல்லை. கேள்வி கேட்கும் உரிமை வாக்காளர்க்கே இருந்தது.

1967இல் அரியானா நாட்டில் ஓர் அங்கத்தினர் ஒரு பட்சத்துக்குள் மும்முறை கட்சி மாறினார். அத்தகைய தாவல்கள் நாடெங்கும் பெருகவே, 1985இல் அரசியல் சட்டத்தின் 52ஆவது திருத்தத்தால் பத்தாவது அட்டவணை சேர்க்கப்பட்டது. அதன் சாரம் இரண்டு. கட்சியைத் தானாக விட்டு நீங்கிய அங்கத்தினர் பதவி இழப்பர். கட்சியின் கட்டளைக்கு மாறாக வாக்களித்தவரும், வாக்களியாது ஒதுங்கியவரும் பதவி இழப்பர். ஆயின் கட்சி முன்னரே இசைவு தந்திருப்பினும், 15 நாளுக்குள் அச்செயலைப் பொறுத்துக்கொள்ளினும் பதவி நிற்கும். தீர்ப்புக் கூறுவோர் சபாநாயகர். 1992இல் உச்ச நீதிமன்றம் இச்சட்டம் செல்லும் என்று முடிவுசெய்தது. அரசின் நிலைபேறு, கட்சியின் முதன்மையான கொள்கை ஆகியவை பற்றிய வாக்கெடுப்புக்கே இக்கட்டளை உரியதாதல் வேண்டும் என்றும் அம்மன்றம் கருத்துரைத்தது.

இனிச் சட்டம் நடைமுறையில் எவ்வாறு நின்றது என்று காண்போம். 2017 பிப்ரவரி 18ஆம் நாள் திரு. எடப்பாடி பழனிசாமி சட்டசபையில் நம்பிக்கை வாக்குக் கோரினார். மறைவாக்கு வேண்டுமென்ற கோரிக்கையைச் சபாநாயகர் திரு. தனபால் ஏற்றிலர். அமளி நேர்ந்தது, தி.மு.க. அங்கத்தினர் வெளியேற்றப்பட்டனர், காங்கிரசாரும் முஸ்லிம் லீக்கினரும் வெளிநடந்தனர். எஞ்சியோரை எண்ணியபோது அரசுக்கு 122, எதிராக 11. அப்பதினொருவரும் ஆளுங்கட்சியாகிய அ.தி.மு.க.வினரே, திரு. ஓ. பன்னீர்செல்வம் அவருள் தலையாயவர்.

செஞ்சி மக்களே, ஒன்றைக் கருதுமின்! 2016இல் நமது தொகுதி தேர்ந்தனுப்பியவர் தி.மு.க. அங்கத்தினர். ஆதலின் நாட்டின் அரசு நிற்குமா வீழுமா என்று முடிவாகிய அந்நாளில், எண்ணிய 133 வாக்குகளுள் செஞ்சியின் வாக்கு இல்லை. ஆம் என்றும் இல்லை. அன்று என்றும் இல்லை.

அதன்பின் நிகழ்ந்தது இன்னும் சிந்திக்கத் தக்கது. எதிர்த்து வாக்களித்த பதினொருவர் பதவி இழந்திலர். 2017 ஆகஸ்டு 21ஆம் நாள் இரு பிரிவும் ஒன்றாயின. பன்னீர்செல்வம் அன்றே துணை முதலமைச்சரானார். மறுநாள் திரு. தினகரனைச் சார்ந்த அங்கத்தினர், முதலமைச்சர்பால் தமக்கு நம்பிக்கை இல்லை என்று கவர்னரிடம் கடிதம் கொடுத்தனர். அவர்கள் சபையில் எதிர்வாக்கு அளித்தவரல்லர். ஆயினும் அவருள் 18 பேரைச் செப்டம்பர் 18ஆம் நாள் சபாநாயகர் பதவிநீக்கம் செய்தார். 2018 ஜூனில் உயர்நீதிமன்ற நீதிபதியர் இருவர் தம்முள் மாறுபட்டுத் தீர்ப்பளித்தனர். அக்டோபரில் மூன்றாம் நீதிபதி நீக்கம் செல்லும் என்றார். பதினொருவர் வழக்கோ 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தால் சபாநாயகர்பாலே விடப்பட்டது; 2021இல் அச்சபையின் காலம் முடியுமளவும் அவர்கள் பதவியில் இருந்தனர்.

இவ்விரு வழக்குகளின் நியாயத்தை யாம் அளக்க வரவில்லை. வாக்காளர் பட்ட இழப்பையே கூறுகின்றோம். ஆம்பூர், குடியாத்தம், சோளிங்கர் முதலிய பதினெட்டுத் தொகுதி மக்களும் 2019இல் இடைத்தேர்தல் நடக்குமளவும் சபையில் வாயில்லாதவராயினர். அவர்களை யாரும் ஒரு சொல் கேட்டிலர்.

ஆகவே, கட்சிக் கட்டளையோடு அங்கத்தினர் வாக்கை ஒப்பிட்டால் பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே இருக்கும். அவ்வொற்றுமை அவருடைய உள்ளத்தைக் காட்டாது. பதவி போகும் என்னும் அச்சத்தையும் அதில் கழித்துப் பார்த்தல் வேண்டும். நம் ஊர்த் தேசிங்குராஜன் கதையில் அவன் தோழன் மகமத்கான் மணக்கோலத்தை விட்டெழுந்து போர்க்களம் புகுந்தான். அவனை அழைத்தது நட்பு. கொறடாவின் ஓலை அன்று. குடியரசுத் தலைவர் தேர்தலில் கட்சிக் கட்டளை அங்கத்தினரைக் கட்டாது. ஆயின் அது மறைவாக்கு. அவருக்கு விடுதலை உள்ள இடத்தில் நமக்குப் பார்வை இல்லை. நமக்குப் பார்வை உள்ள இடத்தில் அவருக்கு விடுதலை இல்லை. பெரும்பாலான மசோதாக்களோ ‘ஆம்’ என்னும் குரலொலியால் நிறைவேறுகின்றன. அங்கே பெயரும் இல்லை, எண்ணும் இல்லை.

ஆங்கில நாட்டில் எட்மண்டு பர்க்கு என்பார் 1774இல், பிரதிநிதி வாக்காளர்க்குத் தம் உழைப்பை மட்டுமன்றித் தம் அறிவையும் தரக் கடமைப்பட்டவர் என்று பிரிஸ்டல் நகர மக்களிடமே கூறினார். 1780இல் அந்நகரின் ஆதரவை இழந்து விலகினார். மாறுபட்டு நிற்போர் அதன் பயனை வாக்காளர் கையில் ஏற்றனர் என்பது இதனால் விளங்கும்.

அங்ஙனமாயின் நாம் செய்யத்தக்கது யாது? பத்தாம் நூற்றாண்டில் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவனையும் அவன் சுற்றத்தாரையும் மீண்டும் குடவோலைக்குப் புகலாகாது என்று விலக்கிற்று. அச்சபையில் எல்லாக் குலத்தார்க்கும் இடம் இருந்ததில்லை. எனினும் அவ்விதி எல்லார்க்கும் ஏற்றது.

நமது சங்கம் ஒரு குறிப்பேடு வைத்தல் வேண்டும். நம் தொகுதி அங்கத்தினர் சபைக்கு வந்த நாட்கள், கேட்ட கேள்விகள், பேசிய பேச்சுகள், பெயர் எண்ணி வாக்கெடுக்குமாறு கோரிய தருணங்கள் ஆகியவை அதில் ஏறுதல் வேண்டும். நமது ஏரி, நமது பள்ளி, நம் உழவர் விளைபொருளின் விலை ஆகியவற்றைக் குறித்துச் சபையில் கேட்பதை எக்கட்டளையும் தடுப்பதன்று. கட்சி கட்டாத இடத்தில் அவர் செய்ததும் செய்யாததுமே அவருடைய உண்மையான கணக்கு. கட்சியோடு மாறுபட நேர்ந்தால், ஏன் மாறுபட்டார் என்பதை அவர் ஊரறிய வந்துரைத்தல் வேண்டும். மாறுபடாதபோதும் ஏன் உடன்பட்டார் என்று உரைத்தல் வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை அக்குறிப்பேட்டைப் பொதுக்கூட்டத்தில் படிப்போமாக. அங்கத்தினர் நம் மரபினராயினும் பிற மரபினராயினும், எக்கட்சியினராயினும், படிக்கும் குரல் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். நம்மவர் என்பதற்காக ஒரு வரியை விடுத்துப் படித்தால், அன்றே அக்குறிப்பேடு பயனற்றதாகும். இப்பணியை நம் இளைஞர் மேற்கொள்வாராக.