பாடிப் போகிறவனுக்குக் காவல் யார்?

(சங்கத்தின் ஆண்டு ஒன்றுகூடலில் திருப்பாதிரிப்புலியூரில் ஆற்றிய உரை)



நம் சங்கம் நடத்தவிருக்கும் கபடிப் போட்டியைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசச் சொன்னார்கள். கல்லூரி அணியில் மூன்று வருஷம் இடது கவரில் நின்றவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி கிடையாது. கைதட்டல் எல்லாம் பாடிப் போகிறவனுக்குத்தான், பிடிக்கிறவனை யார் பார்த்தார்கள்? அந்தப் பொறாமை கொஞ்சம் என் பேச்சில் தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம்ம செட்டில் சிலர் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். அங்கத்திய கால்பந்தில் 'ஆப்ஷன்' என்று ஒரு ஆட்டமுறை. குவார்ட்டர்பேக் பந்தோடு நகர்ந்து, எதிராளி ஒருவன் எந்தப் பக்கம் பாய்கிறான் என்று பார்த்து, பந்தைக் கூட்டாளிக்குக் கொடுப்பதா, தானே ஓடுவதா என்று அந்த நொடியில் முடிவெடுக்கிறான். ஓடினால் அடியும் அவனுக்குத்தான். ஆனால் எதிராளிகளை மறித்து வழிவிட அவனுக்கு ஆட்கள் உண்டு. நம்ம ரைடரும் கையா, காலா, போனஸா, கோட்டுக்குத் திரும்புவதா என்று அப்படித்தான் முடிவெடுக்கிறான். 30 விநாடி, ஒரே மூச்சு, எதிரே ஏழு பேர். மறித்துக் கொடுக்க ஒருத்தன்கூடக் கிடையாது.

அப்படியானால் அவனுக்குக் காவல் யார்? கோட்டுக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஆறு பேர்தான். ரைடர் அவுட்டாகி வெளியே உட்கார்ந்தால், நாம் ஒரு பிடி போட்டு ஒரு புள்ளி எடுத்தால்தானே அவனை உள்ளே கூட்டிவர முடியும்? கார்னரும் கவரும் பலமாக இருந்தால் அவன் நிதானமாகப் பாடலாம், வெறுங்கையோடும் திரும்பலாம். பிடி பலவீனமாக இருந்தால் ஒவ்வொரு தடவையும் புள்ளிக்காகக் கூட்டத்துக்குள் பாய்வான். உடம்பு கெடுவது அங்கேதான்.

இன்னொன்றும் உண்டு. எதிரணி பாடி வரும்போது ரைடரும் களத்தில்தான் நிற்கிறான். ஆர்வக்கோளாறில் அவனும் பிடிக்கப் பாய்கிறான். 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி பவன் செராவத்தை 2 கோடியே 26 லட்சம் ரூபாய்க்கு எடுத்தது. முதல் ஆட்டத்திலேயே முழங்கால் போய், அந்த சீசன் முழுக்க அவர் ஆடவில்லை. பாடிப் போனபோது வந்த அடி இல்லை ஐயா, எதிரணி ரைடரைப் பிடிக்கப் போய் வந்த அடி!

அவ்வளவுதான் கதை முடிந்தது என்று நானும் டி.வி.யை அணைத்தேன். முடியவில்லை. நரேந்தர் என்ற புதுப் பையன் அந்த சீசனில் 200-க்கு மேல் ரைடு புள்ளி எடுத்தான். சாகர், சாகில் குலியா என்று இரண்டு கார்னரும் பிடித்துக் கொடுத்தார்கள். அதற்கு முன் ஒருதரம்கூட பிளேஆஃப் பார்க்காத அணி அரையிறுதி வரை போய்ப் புனேயிடம் தோற்றது.

அதெல்லாம் மேட்டில், பயிற்சியாளர், பிசியோ எல்லாரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆடுகிற ஆட்டம். நம் ஊர்ப்பக்கம் எப்படி? விளக்குப் போட்டு ராத்திரி முழுக்க நடக்கும். ஜெயித்துக்கொண்டே போகிற அணியில் ஒரே பையன் விடிவதற்குள் நாலு ஆட்டம் பாடுவான். 2022 ஜூலையில் பண்ருட்டிப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஆட்டத்தின் நடுவே ஒரு இளைஞர் சரிந்து விழுந்து இறந்தார். நம் மாவட்டத்தில் நடந்தது. அந்த வீடியோவை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள், என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

ஆகையால் செயற்குழுவுக்கு என் வேண்டுகோள். ஓர் அணிக்கு ஒரு நாளில் இரண்டு ஆட்டத்துக்கு மேல் வேண்டாம், போட்டி இரண்டு நாளானாலும் சரி. டாக்டராகிவிட்ட நம் பழைய மாணவர்களில் ஒருவர் களத்தோரம் உட்கார வேண்டும், ஆம்புலன்ஸ் வந்து நின்ற பிறகுதான் முதல் விசில். 'சிறந்த ரைடர்' கோப்பைக்கு நன்கொடை தர நான் நீ என்று ஆள் இருக்கிறார்கள், சந்தோஷம். 'சிறந்த பிடி'க்கு இதுவரை ஒருத்தரும் பெயர் கொடுக்கவில்லை. அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். பொருளாளர் எழுதிக்கொள்ளட்டும்.