இணையத்தின் பூட்டும் அதைச் செய்த உழைப்பும்



கைபேசியில் வங்கிக் கணக்கைத் திறக்கும்போதும், இணையத்தில் ரயில் பயணச்சீட்டை முன்பதிவு செய்யும்போதும், கடவுச்சொல்லை வழியில் எவரும் படிக்க முடியாதபடி ஒரு மென்பொருள் அதை மறையாக்கம் செய்து அனுப்புகிறது. இம்மென்பொருளை ஒவ்வொரு நிறுவனமும் தனித்தனியே எழுதிக்கொள்வதில்லை. எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்த மூல நூலகங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பரவலானது ஓபன்எஸ்எஸ்எல்.

அது அமெரிக்காவில் பிறக்கவில்லை. 1990களில் அமெரிக்க அரசு வலுவான மறையாக்கத்தைப் போர்த்தளவாடங்களின் பட்டியலில் வைத்து, அதன் ஏற்றுமதியைத் தடுத்திருந்தது. நெட்ஸ்கேப் உலாவியின் வெளிநாட்டுப் பதிப்பில் 40 பிட் சாவி மட்டுமே இருந்தது. 1995இல் பிரான்சின் ஆய்வாளர் ஒருவர் அத்தகைய சாவியைச் சுமார் எட்டு நாட்களில் உடைத்துக் காட்டினார். உள்நாட்டுக்கு உறுதியான பூட்டு, உலகத்தாருக்கு உடையும் பூட்டு என்பதே அன்றைய கொள்கை. (அந்தப் பலவீனமான சாவிகளின் எச்சம் பல வழங்கிகளில் தங்கியிருந்து, 2015இல் அமெரிக்க இணையதளங்களுக்கே ஆபத்தாக முடிந்தது.) இத்தடைக்கு வெளியே, ஆஸ்திரேலியாவில் எரிக் யங், டிம் ஹட்சன் ஆகிய இருவர் எழுதி அனைவருக்கும் அளித்த நிரலே ஓபன்எஸ்எஸ்எல்லின் மூலம். 1998இன் இறுதியில் அவ்விருவரும் ஆர்எஸ்ஏ என்ற தனியார் நிறுவனத்தில் சேர்ந்தபோது, தன்னார்வலர்கள் அந்நிரலை ஏற்று வளர்த்தனர்.

2014 ஏப்ரல் 7 அன்று அந்நூலகத்தில் ஒரு பெரும் பிழை இருப்பது உலகுக்குத் தெரிந்தது. ஹார்ட்பிளீட் என்று அதற்குப் பெயரிட்டனர். நெல் கிடங்கில் ஒருவர் ஒரு மூட்டையை ஒப்படைத்துவிட்டு, சீட்டில் அறுபது என்று எழுதுகிறார்; கிடங்குக்காரர் எண்ணிப் பாராமல், அடுக்கில் இருந்த பிறருடைய மூட்டைகளையும் சேர்த்து அறுபதைத் திருப்பித் தருகிறார். நடந்தது இதுதான். அனுப்பப்பட்ட செய்தியின் நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை விடுபட்டதால், வழங்கியின் நினைவகத்திலிருந்து ஒவ்வொரு முறையும் 64 கிலோபைட் வரை வெளியேறியது. கடவுச்சொற்களும், மறைச்சாவிகளும்கூட அதில் இருக்கக்கூடும். கனடாவின் வருவாய்த்துறையிலிருந்து சுமார் 900 பேரின் சமூகக் காப்பீட்டு எண்கள் திருடப்பட்டன.

அந்த வரிகள் நிரலில் சேர்க்கப்பட்டது 2011 டிசம்பர் 31 இரவு. உலகமே பார்க்கக்கூடிய நிரலில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் அது எவர் கண்ணிலும் படவில்லை. எல்லோரும் பார்க்க முடியும் என்பது வேறு, பார்ப்பதற்கு ஆள் இருப்பது வேறு. அன்று ஓபன்எஸ்எஸ்எல்லில் முழுநேரமாகப் பணியாற்றியவர் ஒரே ஒருவர். அதன் அறக்கட்டளைக்கு ஓராண்டில் வந்த நன்கொடை ஏறத்தாழ 2,000 டாலர். அந்நூலகத்தின் மேல் நின்றுகொண்டு பல கோடி டாலர் வணிகம் நடத்திய நிறுவனங்களுக்கு இக்கணக்கு உறுத்தவில்லை. பிழை வெளிப்பட்ட பின்னரே அமேசான், கூகுள், மைக்ரோசாப்ட் உள்ளிட்டவை ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் வீதம் மூன்றாண்டுகள் தர முன்வந்தன. சமூக உழைப்பின் பலனைத் தனியார் அள்ளிக்கொள்வதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேட வேண்டியதில்லை.

இலவசமாகக் கிடைப்பது இப்படித்தான் இருக்கும் என்று அன்று சிலர் ஏளனம் செய்தனர். விலைக்கு விற்கப்பட்ட மூடிய பூட்டின் கதை என்ன? ஆர்எஸ்ஏ தன் மறையாக்கத் தொகுப்பில், பின்வாசல் உள்ளதென ஐயுறப்பட்ட ஒரு முறையை இயல்பு நிலைத் தேர்வாக வைத்திருந்தது. அதற்காக அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையிடம் ஒரு கோடி டாலர் பெற்றது என்று 2013 டிசம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. தெரிந்தே பலவீனப்படுத்தியதாகச் சொல்லப்படுவதை அந்நிறுவனம் மறுத்தது. மறுப்பை நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும் வாய்ப்பு வாடிக்கையாளருக்கு இல்லை. ஹார்ட்பிளீட்டில் அந்த வாய்ப்பு எல்லோருக்கும் இருந்தது: வெளியானதும் அந்த வரிகளை எவரும் படித்தனர், ஓபன்பிஎஸ்டி குழுவினர் நிரலைப் பிரித்தெடுத்து, முதல் வாரத்திலேயே சுமார் 90,000 வரிகளை நீக்கி லிப்ரெஎஸ்எஸ்எல்லைத் தொடங்கினர்.

2015இல் இந்திய அரசும் திறந்த மூல மென்பொருளுக்கான கொள்கையை வெளியிட்டது. அதன் தலைப்பே அரசு அலுவலகங்கள் அதை ஏற்றுப் பயன்படுத்துவது பற்றியது. பராமரிப்போரின் கூலியை யார் தருவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. ஜெர்மனி 2022இல் இதற்கெனப் பொது நிதியம் ஒன்றைத் தொடங்கியது. டிஜிட்டல் இந்தியா என்று முழங்கும் ஒன்றிய அரசு, அச்செலவில் ஒரு பங்கை ஒதுக்கி, அரசுப் பல்கலைக்கழகங்களில் இந்நூலகங்களைப் படித்துச் சோதிக்கும் நிரலர்களை நிரந்தர ஊழியர்களாக அமர்த்த வேண்டும். ஒப்பந்த முறையில் அல்ல.