ஆடை அச்சு இயந்திரம் வாங்குமுன்

(ஜமாஅத் ஆண்டுவிழாவில் இளைஞர்களுக்கான தொழில் வழிகாட்டல் அமர்வில் ஆற்றிய உரை)

 

வளைகுடாவில் எட்டாண்டுகள் உழைத்துத் திரும்பிய நம் மஹல்லாவின் இளைஞர் ஒருவர், தம் சேமிப்பு முழுவதையும் போட்டு டிஜிட்டல் ஆடை அச்சு இயந்திரம் ஒன்றை வாங்கலாமா என்று என்னிடம் வினவினார். அவருக்குச் சொன்னதையே இங்குச் சற்று விரித்துக் கூறுகிறேன். அத்தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை.

துணி நம் ஊருக்குப் புதிதன்று. பிரெஞ்சுக்காரர் காலத்தில் புதுச்சேரியின் நீலத்துணி செனெகல் வரை கப்பலேறிற்று. 1898இல் தோன்றிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை 2020இல் மூடப்பட்டது. பெரும் முதலும் பெருங்கூட்டமும் வேண்டிய துணித்தொழிலின் ஒரு சிறு பகுதியை, வீட்டின் முன்னறையில் ஒருவரே செய்யலாம் என்பதுதான் இவ்வியந்திரத்தின் கவர்ச்சி.

திருப்பூரில் நடைபெறும் ஸ்கிரீன் அச்சில் நிறத்திற்கு ஒரு சட்டம் செய்ய வேண்டும். ஒரே படத்தை 500 சட்டைகளில் அச்சிட அதனை வெல்ல எதுவுமில்லை. ஒரே ஒரு சட்டை வேண்டுமெனில் அது கட்டுப்படியாகாது. டிஜிட்டல் இயந்திரமோ கணினியிலுள்ள படத்தை நேரே துணியில் அச்சிடுகிறது. ஆனால் அது பெரும்பாலும் பருத்திக்கே ஏற்றது. கால்பந்துக் குழுவினர் அணியும் பாலியெஸ்டர் பனியனுக்கு அது எளிதில் சரிவராது. ஆகவே, உங்களிடம் வரப்போகிறவர் எந்தத் துணியை உடுத்துகிறார் என்பதே முதற்கேள்வி. பாலியெஸ்டரும் கலப்புத்துணியும் மிகுதியாக வருமாயின், படலத்தில் அச்சிட்டுப் பசைத்தூள் தூவிச் சூட்டில் ஒட்டும் டி.டி.எஃப். முறையே ஏற்றது. அதில் படம் சற்று ரப்பர்போல் தடிக்கும், காற்றுப் புகாது. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும்.

இனி வெள்ளை மைக்கு வருகிறேன். கறுப்புச் சட்டையில் அச்சிட முதலில் ஒரு திரவத்தைத் தெளித்து, ஹீட் பிரஸ்ஸில் உலர்த்தி, வெள்ளை மையை அடித்தளமாக இட்டு, அதன்மேல் பிற நிறங்களை ஏற்ற வேண்டும். வெள்ளை மையிலுள்ள டைட்டானியம் டைஆக்சைடு கனமானது. அசையாதிருந்தால் அடியில் படிந்துவிடும். ரமலானின் கடைசிப் பத்து நாட்களும் பெருநாளை ஒட்டிய சில நாட்களும் கடையைப் பூட்டிவிட்டுச் சென்றேன். திரும்பி வந்து இயக்கியபோது பிரிண்ட் ஹெட் அடைத்துக் கிடந்தது. விற்றவரிடம் சொன்னேன்; பழுது பார்ப்பவர் சென்னையிலிருந்து வருவதற்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. புது ஹெட் உத்தரவாதத்தில் அடங்காது என்பது அப்போதுதான் தெரிந்தது. மனைவியின் வளையல்கள் அன்று கடைக்குப் போயின.

சுண்ணாம்பாற்றங்கரையில் வாழும் நமக்கு இன்னொன்றும் உண்டு. கடற்காற்றின் ஈரத்தைத் துணி இழுத்துக்கொள்கிறது. அச்சிடுமுன் சட்டையைச் சில விநாடிகள் அழுத்தி ஈரம் போக்காவிடில் படம் திட்டுத்திட்டாகத் தெரியும். மின்வெட்டு நேர்ந்தால் மையைச் சுழற்றும் பம்பு நின்றுவிடும், யு.பி.எஸ். விலையையும் கணக்கில் சேருங்கள்.

விற்பனையாளர் காட்டும் மாதிரியை நம்ப வேண்டாம். உங்கள் சட்டையை, அதுவும் கறுப்புச் சட்டையை, உங்கள் படத்தோடு எடுத்துச் செல்லுங்கள். அச்சிட்டு வாங்கி வந்து வீட்டில் ஐந்து முறை துவைத்த பிறகே முன்பணம் கொடுங்கள்.

கணக்கொன்று சொல்கிறேன். இயந்திரம் 12 இலட்சம் என்று வையுங்கள். ஆண்டுக்கு 300 நாள் வீதம் ஐந்தாண்டு ஓடினால் நாளொன்றுக்கு 800 ரூபாய் விழும். நாளைக்குப் பத்துச் சட்டை அச்சிட்டால் சட்டைக்கு 80. நான்கே என்றால் 200. மை, துணி, வாடகை, மின்சாரம் இதில் சேரவில்லை. பத்துச் சட்டை வருமா என்பதை அண்ணன் தம்பிகளிடம் கேட்டு அறிய இயலாது. எல்லாரும் வாங்குவோம் என்றுதான் சொல்வார்கள்.

ஆகையால் அந்த இளைஞரிடம், "தம்பி, ஓராண்டு இயந்திரம் வாங்காதே. ஆர்டர் எடு; அச்சைக் கூலிக்குக் கொடுத்து வாங்கு" என்றேன். இலாபம் குறையும், உண்மைதான். அவர் திருப்பூரிலிருந்து இருபது வெற்றுச் சட்டைகளுடன் சென்ற வாரம் திரும்பியுள்ளார். பதினான்கு விற்றுவிட்டன.