இனாரியில் ஆறு நாட்கள்



சென்ற மார்கழியில் பின்லாந்து நாட்டின் வடபகுதியிலுள்ள இனாரி என்னும் சிற்றூருக்கு நானும் என் துணைவியாரும் சென்று ஆறு நாட்கள் தங்கி வந்தோம். “டில்லிக் குளிர் போதாதென்றா அங்கே போனீர்?” என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். கேட்டவர்கள் இவ்வவையிலும் இருக்கிறார்கள். அவர்களுக்கு விடை சொல்வதற்காகவே செயலாளர் எனக்கு இந்தப் பதினைந்து நிமிடங்களைத் தந்திருக்கிறார் போலும்.

எல்சிங்கி நகரிலிருந்து விமானத்தில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் வடக்கே பறந்தால் இவாலோ. இனாரி அதற்கும் அப்பால், ஆர்க்டிக் வட்டத்துக்கு நெடுந்தொலைவு வடக்கே இருக்கிறது. ஆதலின் டிசம்பர்த் தொடக்கம் முதல் ஜனவரி இரண்டாம் வாரம் வரை ஞாயிறு அங்கே அடிவானத்துக்கு மேல் எழுவதில்லை. ஆயினும் அது முழு இருள் அன்று. நண்பகலை ஒட்டிய சில மணி நேரம் தென்வானம் சிவக்கும். பனியெல்லாம் நீலமாய்த் தோன்றும். மூவாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகளையுடைய இனாரி ஏரி கல்போல் உறைந்து, ஊர்திகள் செல்லும் வெளியாய்க் கிடந்தது.

நாங்கள் சென்ற மறுநாள் குளிர் சுழியத்துக்குக் கீழ் 24 பாகை. மூச்சை உள்ளிழுத்தால் மூக்கினுள் ஈரம் உறைவதை உணரலாம். வீட்டினுள்ளோ மெல்லிய சட்டையோடு அமர்ந்திருந்தோம். சன்னலுக்கு மூன்று அடுக்குக் கண்ணாடி. சுவரெல்லாம் வெப்பம் கசியாத கட்டுமானம். குளிர் அவர்களுக்கு வெளியே இருக்கிறது. டில்லியில் வாழும் நமக்கு அது வீட்டுக்குள்ளேயே குடியிருக்கிறது! அடுப்பின்மேல் கற்களைக் காய்ச்சி, நீர் தெளித்து, எழும் ஆவியில் அமர்வதைச் சவுனா என்பர். பிறகு ஏரிப் பனிக்கட்டியில் வெட்டிய துளையில் இறங்கி முழுகுவாரும் உண்டு. நான் முழுகவில்லை, என் துணைவியார் முழுகினார்.

ஓரிரவு வானில் பச்சை ஒளி திரைபோல் அசைந்தது. கதிரவனிடமிருந்து வரும் மின்துகள்கள் நூறு கிலோமீட்டர் உயரத்துக்கும் மேலுள்ள ஆக்சிஜனைத் தாக்குவதால் எழும் ஒளி அது. பின்லாந்து மக்கள் அதனை ‘நரித் தீ’ என்று வழங்குகின்றனர்.

அங்கு வாழும் தொல்குடியினர் சாமி மக்கள். துருவமான் வளர்ப்பவரிடம் “எத்தனை மான் வைத்திருக்கிறீர்?” என்று கேட்டல் ஆகாதாம், வங்கிக் கணக்கில் எவ்வளவு என்று கேட்பதற்கு அது ஒப்பாகும். அவர்களுள் ஒரு சாராருக்கு இனாரி சாமி என்று தனிமொழி உண்டு. பேசுவோர் சில நூற்றுவரே. விடுதிப் பள்ளிகளில் பல்லாண்டு பின்லாந்து மொழியே ஆண்டதால், 1990களில் குழந்தைகளுள் அதனைப் பேசுவோர் விரல்விட்டு எண்ணத்தக்கவராயினர். 1997இல் ஒரு ‘மொழிக்கூடு’ தொடங்கினார்கள். பாடநூல் இல்லை, தேர்வு இல்லை. பள்ளி செல்லாச் சிறார்களைப் பகற்பொழுதில் கூட்டிவைத்து, சோறூட்டுவது முதல் உறங்கவைப்பது வரை அனைத்தையும் அம்மொழியிலேயே செய்தார்கள். பெற்றோர் பலருக்கே அம்மொழி தெரியாது. அக்குழந்தைகள் வளர்ந்து பள்ளியிலும் அம்மொழியில் கற்றார்கள். பெரியோர்க்கும் பின்னர் ஓராண்டுப் பயிற்சி அமைந்தது.

இதைக் கேட்டதுமுதல் எனக்குப் பனியும் நரித் தீயும் பின்னுக்குப் போயின. நம் சங்கத்தில் ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம் தமிழ் கற்பிக்கிறோம், நற்பணிதான். ஆனால் வகுப்பு முடிந்து படியிறங்கும்போதே குழந்தைகள் இந்தியில் பேசத் தொடங்கிவிடுகிறார்கள். என் பேத்தி அகரவரிசை முழுதும் எழுதுவாள். பசிக்கிறது என்று பாட்டியிடம் சொல்ல அவளுக்குத் தமிழ் வருவதில்லை.

நம் கீழ்த்தளத்து அறை காலை வேளைகளில் பூட்டியே கிடக்கிறது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளோடு நாள்தோறும் மூன்று மணி நேரம் தமிழிலேயே பேசி விளையாட, ஓய்வு பெற்ற தாய்மார் மூவர் இசைந்திருக்கிறார்கள். அவர்களுள் ஒருவர் உறைநீரில் முழுகி எழுந்தவர். அறையின் திறவுகோல் செயலாளரிடம் இருக்கிறது.